ரசீதுக் கட்டும் கைமாறும் விலையும்: புதுப்பித்த 1967 எம்ஜிபி ரோட்ஸ்டரை இணையத்தில் விற்ற கணக்கு

வண்டி, 1967ஆம் ஆண்டின் முற்பகுதியில் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர்; எம்ஜி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் துணிக்கூரை கொண்ட திறந்த ஸ்போர்ட்ஸ் கார். மார்க் 1 வரிசை; சேஸி எண் ஜிஹெச்என்3 என்று தொடங்கும். 1798 சிசி, ஐந்து மெயின் பேரிங் கொண்ட 18ஜிபி என்ஜின், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், லேகாக் ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்), ஸ்போக் வீல். ஆபிங்டன் தொழிற்சாலையை விட்டு வந்தபோது ஓல்டு இங்கிலிஷ் வெள்ளை. இப்போது டார்டன் சிவப்பு. பாடியை முழுக்கப் பிரித்து, துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து, என்ஜினை இறக்கி வேலை பார்த்திருக்கிறார்கள். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத வண்டி. அப்படியிருந்தும் முதல் முறை விளம்பரம் போட்டபோது பத்து வாரம் போணியாகவில்லை. இரண்டாம் முறை ஒரே வார ஏலத்தில் கைமாறியது. நடுவில் வண்டியில் பெரிய வேலை எதுவும் நடக்கவில்லை. மாறியதெல்லாம் விலையும் விளம்பரமும்தான்.

இது மாதிரிக் கணக்கு. இத்தகைய விற்பனைகளில் திரும்பத் திரும்ப வரும் நிலைமைகளை ஒரே வண்டியின் மேல் ஏற்றிக் காட்டுகிறோம். வண்டியின் தொழில்நுட்ப விவரங்கள் உண்மையானவை. விலைகள் கணக்குப் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு விலை மாறும் என்பதால் எந்த நாணயத்திலும் சொல்லவில்லை. நன்றாக ஓடுகிற, பெரிய குறையில்லாத, ஆனால் காட்சிக்கு வைக்கும் அளவுக்கு இல்லாத அதே வகை வண்டியின் விலையை 100 என்று வைத்துக்கொள்கிறோம். ஹேகர்ட்டி போன்ற மதிப்பீட்டாளர்கள் 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்களே, அதில் 3ஆம் தரம் இது.

முதல் விளம்பரம்: 190

உரிமையாளரிடம் ரசீதுகள் அத்தனையும் இருந்தன. துருப்பிடித்த வண்டியை வாங்கியது 40. டிங்கரிங், வெல்டிங் 78. பெயின்ட் 42. என்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் 36. சீட், துணிக்கூரை, தரைவிரிப்பு 22. குரோம், சக்கரம், சில்லறைச் சாமான் 17. ஆக மொத்தம் 235. “நஷ்டப்பட்டே கொடுக்கிறேன்” என்று 190 போட்டார். அவர் மனதளவில் அது நியாயமான விலை. வாங்க வருபவருக்கு அந்த 235இல் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதே பணத்துக்கு வேறு என்ன வண்டி கிடைக்கும் என்றுதான் அவர் பார்ப்பார். 190க்கு இதைவிட அரிய, இதைவிட வேகமான திறந்த வண்டிகள் சந்தையில் நிற்கும்போது அவர் இங்கே நிற்க மாட்டார்.

எம்ஜிபி அரிய வண்டி அல்ல. 1962 முதல் 1980 வரை, கூரையுள்ள ஜிடி கூபேயையும் சேர்த்து, 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. உதிரி பாகம் ஏறக்குறைய எல்லாம் புதிதாகவே கிடைக்கிறது. முழு பாடி ஷெல்லைக்கூட 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் புதிதாகச் செய்து விற்கிறது. இந்த வண்டியை வைத்திருப்பது எளிது என்பதற்கும் அதன் விலைக்கு ஒரு கூரை இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான். முழுப் புதுப்பிப்புச் செலவு இந்த வகை வண்டியில் திரும்பி வருவது மிக அபூர்வம். விற்கும் முன் இதை மனம் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் பிறகு செய்வதெல்லாம் கோணலாகப் போகும்.

பத்து வாரத்தில் வந்த அழைப்புகள் இரண்டு வகை. ஒன்று, 70க்குக் கேட்ட அடிமாட்டு விலைக்காரர்கள். இன்னொன்று, “அடியில் எடுத்த படம் இருக்கிறதா, சில் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு) மாற்றியபோது எடுத்த படம் இருக்கிறதா” என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் ஒதுங்கியவர்கள். இந்த இரண்டாவது கூட்டம்தான் உண்மையில் வாங்குகிற கூட்டம். அவர்களை இழந்ததுதான் பெரிய நஷ்டம். இன்னொரு கெடுதலும் நடந்தது: இத்தனை நாள் ஒரே விலையில் கிடந்த விளம்பரத்தைப் பார்ப்பவர், “ஏதோ கோளாறு இருக்கிறது, அதனால்தான் போகவில்லை” என்று முடிவுகட்டிவிடுகிறார். விலையை இரண்டு இரண்டாக இறக்கிக்கொண்டே போனால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். விளம்பரத்தை அடியோடு எடுத்துவிட்டு, சில மாதம் ஆறப்போட்டு, புதுப் படம், புது எழுத்தோடு மறுபடி வருவதுதான் சரி. திறந்த வண்டிக்குப் பருவமும் உண்டு. குளிர் தேசங்களில் வெயில் காலம் தொடங்கும்போது தேடுபவர்கள் கூடுவார்கள். கடுங்குளிரில் கூரையில்லாத வண்டியை நினைப்பவர் குறைவு.

ஒப்பீட்டுக்கு எந்த விலையை எடுப்பது

கேட்கும் விலை வேறு, கைமாறிய விலை வேறு. விளம்பரத் தளங்களில் கிடப்பது ஆசை. முடிந்த ஏலங்களின் பதிவில் இருப்பதுதான் விலை. பிரிங் எ டிரெய்லர், கலெக்டிங் கார்ஸ் போன்ற இணைய ஏலத் தளங்களில் பழைய முடிவுகள், படங்கள், வாசகர் கேள்விகளோடு அப்படியே கிடைக்கின்றன. கடைசி 12 மாதத்துக்குள் முடிந்தவற்றை எடுத்தால் போதும்; அதற்கு முந்தியவை சந்தை நகர்ந்தபின் வழிதவற வைக்கும்.

இந்த வண்டிக்குப் பன்னிரண்டு முடிவுகள் எடுத்ததில் ஐந்தை அடித்துவிட வேண்டியிருந்தது. ஒன்று 1974க்குப் பிந்தைய ரப்பர் பம்பர் வண்டி. உயரமும் முகமும் வேறு, வாங்குபவர்களும் வேறு. இன்னொன்றில் ஐந்து கியர் பெட்டி மாற்றியிருந்தார்கள். மற்றொன்றில் வி8 என்ஜின். ஒன்று போட்டிகளில் பரிசு வாங்கிய காட்சி வண்டி. கடைசி ஒன்று விற்கவே இல்லை. ரிசர்வ், அதாவது இதற்குக் கீழே விற்பதில்லை என்று விற்பவர் வைக்கும் தொகை, எட்டாமல் நின்ற உச்சக் கேட்பைத்தான் பலர் விற்ற விலை என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். மிஞ்சிய ஏழு: 88, 97, 104, 112, 121, 134, 146. நடு எண் 112.

இங்கே ஒரு நுணுக்கம். சில தளங்கள் ஏலத்தில் நின்ற தொகையை மட்டும் காட்டும். பழைய பாணி ஏல நிறுவனங்கள் பெரும்பாலும் வாங்குபவர் கட்டணத்தையும் சேர்த்தே முடிவை வெளியிடும். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் கணக்கு பிசகும். கட்டணத்தைக் கழித்தோ சேர்த்தோ எல்லாவற்றையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவந்த பிறகுதான் மேற்கண்ட ஏழும்.

அந்த ஏழு பதிவுகளையும் முழுக்கப் படித்தால் விலை ஏன் பிரிந்தது என்பது தெரிகிறது. கீழே நின்ற மூன்றிலும் பளபளப்பு இருந்தது. அடிப்பகுதிப் படம் இல்லை. மேலே நின்ற இரண்டிலும் சில்லை வெட்டித் திறந்த நிலையில் எடுத்த படம் இருந்தது. வண்டிகளின் தரத்தில் அவ்வளவு வித்தியாசம் இருந்திருக்காது. கண்ணால் காட்ட முடிந்ததற்குத்தான் காசு விழுந்திருக்கிறது. நமது வண்டிக்கு ஓவர்டிரைவ் கூட்டும், நிறம் மாறியது கொஞ்சம் குறைக்கும், என்ஜின் எண் பொருந்துவது தாங்கிப் பிடிக்கும். எல்லாம் சேர்த்து, ஆதாரத்தோடு காட்டினால் 120 முதல் 135 வரை, ஆதாரமில்லாமல் போனால் 95 முதல் 110 வரை என்று மதிப்பிடப்பட்டது.

சில்: வண்டியின் முதுகெலும்பு

எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, பாடியேதான் சட்டகம். கூரையுள்ள வண்டியில் கூரையும் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். ரோட்ஸ்டரில் அந்த உதவி இல்லை. கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் சில் பெட்டிகள் இரண்டும், நடுவிலுள்ள டிரான்ஸ்மிஷன் சுரங்கமும்தான் வண்டியை வளையாமல் பிடித்திருக்கின்றன. சில் என்பது வெளியே தெரியும் ஒற்றைத் தகடு அல்ல. வெளித்தகடு, அதற்குள் நிற்கும் நடுத்தகடு, உள்தகடு, அடியில் கேஸில் ரெயில் என்று அடுக்கடுக்காக வரும். துரு உள்ளேயிருந்து கிளம்பும். வெளியே கொப்புளம் தெரியும்போது நடுத்தகடு பெரும்பாலும் சல்லடையாகியிருக்கும்.

விவரம் தெரிந்த வாங்குபவர் பயப்படுவது இதற்குத்தான். பழைய சில்லின் மேலேயே ஒரு மூடுதகட்டை வைத்து வெல்டிங் போட்டு, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துப் பூசி மெழுகிய வண்டிகள் ஏராளம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் வெளித்தகட்டின் முன்முனை முன் விங்குக்கு (சக்கரத்தை மூடும் பக்கத் தகட்டுக்கு) பின்னால் மறைந்திருக்கும். பின்முனை பின் விங்கின் அடிப்பாகத்துக்குள் போகும். அதனால் முறையாக மாற்ற வேண்டுமென்றால் போல்ட்டில் நிற்கும் முன் விங்கைக் கழற்ற வேண்டும், பின் விங்கின் அடியை வெட்ட வேண்டும். முன் விங் இல்லாமல் சில் முனை தெரியும் ஒரு படம் இருந்தால் அந்த ஒரு படமே சாட்சி.

சில்லை வெட்டும் முன் கதவுத் திறப்பின் குறுக்கே குழாய் வைத்துப் பாடியைக் கட்ட வேண்டும். கட்டாமல் வெட்டினால் வண்டி நடுவில் தொய்யும். அந்தத் தொய்வோடு புதுச் சில்லைப் பற்றவைத்துவிட்டால் பிறகு நிமிராது. அடையாளம் கதவில் தெரியும்: பின் ஓரத்தில் மேல் இடைவெளி நெருங்கி, கீழ் இடைவெளி அகன்றிருக்கும். இதைப் படத்தில் காட்ட எளிய வழி, இடைவெளியில் அளவுகோலை வைத்து மேலும் கீழும் ஒவ்வொரு படம். அடுத்த சோதனையை வீடியோவாக எடுக்கலாம்: சில்லருகே உள்ள ஜாக்கி இடத்தில் வண்டியைத் தூக்கி, சக்கரம் தரையை விட்டதும் கதவைத் திறந்து மூடுவது. இடிக்காமல், தட்டாமல் மூடினால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். இரண்டாவது விளம்பரத்தில் 40 விநாடி ஓடிய அந்த வீடியோவைப் பார்த்த பிறகு யாரும் சில் பற்றிக் கேட்கவில்லை.

இந்த வண்டியை வேலை பார்த்த பட்டறையின் கைப்பேசியில் படங்கள் கிடந்தன. 61 படம். அவற்றைத் தேடி வாங்குவதற்கு ஒரு நாள் பிடித்தது. முழு விற்பனையிலும் அதைவிட லாபமான நாள் கிடையாது. புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெட்டும் முன், வெட்டியபின், பற்றவைத்தபின், பிரைமர் அடித்தபின் என்று ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு படம் எடுத்துவையுங்கள். பெயின்ட் விழுந்த பிறகு எந்தப் பணம் கொடுத்தாலும் அந்தப் படங்கள் கிடைக்காது.

பெயின்ட் தடிமனும் காந்தம் ஒட்டாத பானெட்டும்

தடிமன் அளக்கும் கருவியில் பழைய பெயின்டை முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்த தகடு ஏறக்குறைய 150 முதல் 300 மைக்ரான் காட்டும். 500ஐத் தாண்டினால் பட்டி இருக்கிறது. 1000 என்றால் ஒரு மில்லிமீட்டர், அங்கே வேலை அரைகுறை. ஒவ்வொரு தகட்டிலும் ஐந்து இடம் அளந்து, வண்டியின் கோட்டோவியத்தில் எண்களை எழுதி அப்படியே போடலாம். இடது பின் விங்கின் அடியில் 620 வந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். அந்த இடத்தில் வெட்டி ஒட்டிய தையல் இருக்கிறது, அதன் மேல் பட்டி இருக்கிறது என்று காரணத்தோடு.

1967 எம்ஜிபியில் பானெட் அலுமினியம். இரும்புக்கு மட்டும் வேலை செய்யும் கருவி அங்கே எண் காட்டாது, காந்தமும் ஒட்டாது. இது தெரியாமல் நேரில் வந்து காந்தத்தை வைத்துப் பார்த்து, “பானெட் முழுக்கப் பட்டி” என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளக்கும் கருவியைப் பயன்படுத்தி, விளம்பரத்திலும் ஒரு வரி எழுதிவிட்டால் அந்தக் குழப்பம் வராது. அலுமினிய பானெட் அசல் என்பதற்கு அதுவே ஆதாரமும் ஆகிறது.

நிறம் மாறிய விஷயத்துக்கு வருவோம். பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக் காப்பகம் இந்த வண்டிகளுக்கு ஹெரிடேஜ் சான்றிதழ் தருகிறது. தயாரான நாள், அசல் நிறம், என்ஜின் எண், எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது எல்லாம் அதில் வரும். சான்றிதழில் வெள்ளை, நேரில் சிவப்பு. இதை வாங்குபவர் கண்டுபிடிப்பதற்கு முன் விற்பவர் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். டார்டன் சிவப்பு அந்தக் காலத்து எம்ஜி நிறம்தான். கதவுத் தூண், டிக்கி உள்பக்கம், என்ஜின் அறை எங்கும் வெள்ளை எட்டிப்பார்க்காதபடி முழுமையாக மாற்றப்பட்டிருக்கிறது. அந்த மூன்று இடங்களின் படத்தையும் போட்டால் நிறமாற்றத்தால் விழும் கழிவு பாதியாகக் குறையும்.

என்ஜின் எண் 18ஜிபி-ஆர்யூ-ஹெச் என்று தொடங்குகிறது. ஆர் ஓவர்டிரைவைக் குறிக்கும், ஹெச் உயர் கம்ப்ரஷனை. சான்றிதழில் உள்ள எண்ணும் பிளாக்கில் உள்ள எண்ணும் ஒன்றே. ஆனால் எம்ஜிபியில் அந்த எண் ரிவெட் அடித்த தட்டில்தான் இருக்கிறது. கழற்றி மாற்ற முடியும் என்பது விவரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ரிவெட்டுகளையும் சேர்த்து நெருக்கமாகப் படமெடுப்பது அதனால்தான்.

என்ஜினும் எண்களும்

“என்ஜின் சூப்பர் கண்டிஷன்” என்ற வரிக்கு மதிப்பில்லை. என்ஜின் சூடான பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்துவைத்து, பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கும்போது அளந்த கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்): 158, 160, 155, 157 பிஎஸ்ஐ. உயர் கம்ப்ரஷன் என்ஜினுக்குக் கையேடு சொல்வது 160 அளவு. நான்கிலும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆயில் அழுத்தம் சூட்டில் ஓடும்போது 60, ஐட்லிங்கில் 20. ஓடும்போது 50 முதல் 80, ஐட்லிங்கில் 10 முதல் 25 வரை இருந்தால் இந்த என்ஜினுக்குச் சரி. கேஜ் முள்ளின் படமும் நாளும் கிலோமீட்டரும் சேர்ந்தால்தான் எண் நம்பப்படும்.

பழைய வண்டிக்கே உரிய சில குணங்களைப் புதியவர்கள் கோளாறு என்று எடுத்துக்கொள்வார்கள். மார்க் 1 கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சின்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமப்படுத்தி உரசாமல் சேர்க்கும் அமைப்பு) கிடையாது. வண்டி உருளும்போது முதல் கியரைப் போட்டால் கரகரவென்று கத்தும். அது வடிவமைப்பு. டைனமோ வண்டி என்பதால் ஐட்லிங்கில் ஹெட்லைட் மங்கும். எர்த் இணைப்பு பாசிட்டிவ் (பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும்), சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி. இதைச் சொல்லாமல் விற்று, வாங்கியவர் வழக்கமான வண்டி என்று நினைத்து வயரை மாற்றி மாட்டிவிட்டால் பழி விற்றவர் மேல்தான் வரும்.

விற்பனைக்கு முன் எதில் காசு போடலாம், எதில் கூடாது? டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. இந்த வண்டியில் 1811 என்றிருந்தது: 2011ஆம் ஆண்டின் 18ஆம் வாரம். பூ முழுக்க இருந்தாலும் ரப்பர் கிழம். டயரை மாற்றினார்கள், 3 செலவானது. துணிக்கூரையின் ஓர ரப்பரை மாற்றினார்கள். பின் பம்பரில் குரோம் லேசாகப் புள்ளி விழுந்திருந்தது, அதைத் தொடவில்லை. குரோமுக்குப் போட்ட காசு திரும்பாது, படம் எடுத்துக் குறையாகக் காட்டினால் போதும்.

படமும் வீடியோவும்

மொத்தம் 148 படம். மேகம் மூடிய பகலில், பின்னணியில் எதுவும் இல்லாத இடத்தில், ஹெட்லைட் உயரத்தில் கேமராவை வைத்து எடுத்தவை. நின்ற உயரத்திலிருந்து கைப்பேசியின் அகல லென்ஸில் எடுத்தால் மூக்கு வீங்கி, பின்பக்கம் ஒடுங்கித் தெரியும்; சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுப்பது நல்லது. துணிக்கூரை ஏற்றியும் இறக்கியும், பாதியில் மடக்கும்போதும். பின் பிளாஸ்டிக் ஜன்னல் தனியாக. குளிரில் மடக்கி வெடித்த ஜன்னல்கள் அதிகம் என்பதால் அதைப் பார்க்காமல் யாரும் விட மாட்டார்கள். லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதி மட்டுமே 34 படம். ஸ்போக் வீலைக் கழற்றி ஹப்பின் பற்கள்; அவை கூர்மையாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் மட்டும் மாற்றிப் பயனில்லை.

குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும் வீடியோவை எப்படித் தொடங்குவது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. முதலில் வெப்பக் கேஜின் முள் அடியில் கிடப்பதைக் காட்ட வேண்டும். பிறகு சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் காத்திருக்க வேண்டும். பின்னாலிருந்து எஸ்யூ பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக் என்று வேகமாக அடிக்கும். கார்புரேட்டர் கிண்ணங்கள் நிரம்ப நிரம்ப வேகம் குறைந்து, கடைசியாக ஒரு டிக்கோடு நின்றுவிடும். அந்த மௌனத்தைக் கேட்பதற்காகவே பழகியவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். நிற்காமல் அடித்துக்கொண்டேயிருந்தால் பெட்ரோல் எங்கோ வழிகிறது அல்லது உறிஞ்சும் குழாயில் காற்று புகுகிறது. நின்றுவிட்டுச் சில விநாடிக்கொரு தரம் ஒற்றையாக அடித்தால் கார்புரேட்டர் ஊசி வால்வு சரியாக மூடாமலிருக்கலாம். எட்டு விநாடிச் சத்தம் ஒரு பக்கம் எழுதுவதைவிட அதிகம் சொல்கிறது. வெட்டாமல் போட வேண்டும்.

ஓட்டும் வீடியோவில் ஓவர்டிரைவ் முக்கியம். நாலாம் கியரில் 3500 ஆர்பிஎம்மில் போகும்போது சுவிட்சைத் தட்டினால் முள் 2800 அளவுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் ஓவர்டிரைவ் பிடிக்கிறது. மூன்றாம் கியரிலும் ஒரு முறை காட்டுவது நல்லது.

எழுதிய விதம்

பாராட்டுச் சொற்கள் அத்தனையும் போயின. குறைகள் விளம்பரத்தின் மூன்றாவது பத்தியிலேயே வந்தன. அது இப்படி இருந்தது:

“அசல் நிறம் வெள்ளை. இடது பின் விங்கின் அடியில் பட்டி உண்டு, அளவு படம் 71இல். பின் பம்பர் குரோமில் புள்ளிகள், படம் 88. துணிக்கூரை ஏற்றிக் குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் அடித்ததில் வலது முன் மூலையில் சில சொட்டு உள்ளே விழுந்தது. முதல் கியருக்கு சின்க்ரோ இல்லை, அது அசல். பெட்ரோல் கேஜ் கால் டேங்க் குறைத்துக் காட்டுகிறது.”

இப்படி எழுதினால் விலை விழும் என்று விற்பவர்கள் பயப்படுவது இயல்புதான். நடப்பது வேறு. திறந்த வண்டியில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது என்று எழுதுபவரை யாரும் நம்புவதில்லை. எங்கே ஒழுகுகிறது என்று எழுதுபவர் சில் பற்றிச் சொல்வதையும் நம்புகிறார்கள். தவிர, முன்கூட்டியே எழுதிய குறை பணம் கைமாறியபின் சண்டையாக வராது.

உரிமை ஆவணத்தின் படத்தில் பெயரும் முகவரியும் மறைக்கப்பட வேண்டும். சேஸி எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும். படக் கோப்புகளில் இருக்கும் இடக் குறிப்பை நீக்காவிட்டால் வண்டி எங்கே நிற்கிறது என்று ஊருக்கே தெரியும்.

ஏல வாரம்

ரிசர்வ் 115 என்று வைக்கப்பட்டது. எதிர்பார்ப்பின் கீழ் விளிம்பைவிடக் கொஞ்சம் கீழே. 130 வைக்கத்தான் உரிமையாளர் விரும்பினார். ரிசர்வ் உயரமாக இருந்தால் கேட்பவர்கள் சீக்கிரமே முகர்ந்துவிடுவார்கள். இருவர் மட்டும் அரைமனதாகத் தட்டிவிட்டு நிற்பார்கள். ரிசர்வ் எட்டிய பிறகுதான் போட்டி சூடுபிடிக்கும், ஏனென்றால் வண்டி இன்று யாரோ ஒருவருக்குப் போகப்போகிறது என்பது அப்போதுதான் உறுதியாகிறது. ரிசர்வே இல்லாமல் விடுவது துணிச்சல். ஆதாரம் கனமாக இருந்தாலும் தேவை மெலிந்த வகை வண்டிக்கு அது ஆபத்து.

வாங்குபவர் 5 சதவீதக் கட்டணம் கட்ட வேண்டுமென்றால், தன் மனதில் உள்ள உச்சத் தொகையிலிருந்து அதைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார். கட்டணத்தைக் கட்டுவது வாங்குபவர் என்றாலும் அதன் பாரம் இருவர் மேலும் விழுகிறது.

ஏழு நாளில் 43 கேள்விகள் வந்தன. சராசரி பதில் நேரம் இரண்டு மணி. ஸ்டீயரிங் ராக் மாற்றப்பட்டதா, பின் ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறதா, சூட்டில் ஐட்லிங் எப்படி என்பவை பல. ஒருவர் கேஸில் ரெயிலின் உள்முனைப் படம் கேட்டார். அன்றே லிஃப்டில் ஏற்றி எடுத்துப் போட்டார்கள். அவர்தான் கடைசியில் இரண்டாவதாக நின்றவர். பதில் சொல்லாத கேள்வியை எல்லோரும் படிப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது. கிண்டலாகக் கேட்டவருக்கும் எண்ணோடு பதில் சொல்வதே போதும்.

ஐந்தாம் நாள்வரை 82இல் நின்றது. உரிமையாளருக்குத் தூக்கம் போனது. ஏலத்தை நிறுத்திவிடலாமா என்றார். இது வழக்கம்தான். உண்மையாக வாங்குபவர்கள் கடைசி மணிநேரம்வரை கையைக் காட்டுவதில்லை. இத்தளங்களில் கடைசி இரண்டு நிமிடத்தில் யாராவது கேட்டால் கடிகாரம் மறுபடி இரண்டு நிமிடத்துக்குப் போகும். கடைசி 25 நிமிடத்தில் 98இலிருந்து 131க்கு ஏறியது. அங்கே நின்றது.

பணமும் ஒப்படைப்பும்

வங்கிப் பரிமாற்றம் மட்டும். பணம் வந்துவிட்டதாகக் காட்டும் படத்தை நம்பாமல், தன் வங்கியிடம் நேரடியாகக் கேட்டு, தொகை முழுமையாக விழுந்தது உறுதியான பிறகே சாவியும் ஆவணமும். பேசியதைவிடக் கூடுதல் தொகைக்குக் காசோலை அனுப்பி, மிச்சத்தை வண்டி ஏற்றுபவருக்கு அனுப்பச் சொல்வது பழைய மோசடி. காசோலை சில நாள் கழித்துத் திரும்பும், மிச்சம் போனது போனதுதான். எஸ்க்ரோ தளத்தின் (பணத்தை நடுவில் பிடித்துவைத்துக் கொடுக்கும் தளத்தின்) இணைப்பை எதிராளி அனுப்பினால் அதைத் தொடாமல், முகவரியைத் தானே தட்டச்சு செய்து போக வேண்டும்.

மூடிய லாரியில் அனுப்பினார்கள். துணிக்கூரை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு மடக்கினால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். ஏற்றும் முன் நான்கு பக்கமும், கிலோமீட்டரும் தேதியோடு படம். கட்டும் பட்டையை ஸ்போக்கில் மாட்டக் கூடாது என்று லாரிக்காரரிடம் எழுதியே கொடுக்கப்பட்டது. வண்டியோடு ஒரு தாளும் போனது: எர்த் பாசிட்டிவ், முதல் கியரை நின்ற பிறகே போடவும், கார்புரேட்டர் டாம்பரில் எஸ்ஏஇ 20 ஆயில், சக்கர நட்டுகள் இடப்பக்கமும் வலப்பக்கமும் எதிரெதிர் மரை, நட்டில் உள்ள அம்புக்குறியைப் பார்த்தே சுத்தியலால் தட்டவும், பெட்ரோல் கேஜ் கால் டேங்க் பொய் சொல்லும்.